தழும்பு மேய்ந்த குஞ்சுகள்

மூணுமடைக் குளத்து மீன்குஞ்சுகள் மனிதர் தழும்பைத் தின்னத் தொடங்கிய வருஷம் மழை பிசகாமல் பெய்திருந்தது, வாய்க்கால் வழியாக ஆற்றுத் தண்ணீரோடு அமலை என்கிற ஆகாயத்தாமரைச் செடியும் வந்து குளத்தில் பாதியை மூடியிருந்தது, வாழைக்கு விலை இல்லை, பஸ் ஒழுங்காக வரவில்லை, எங்கள் ஊரில் யாரும் யாரையும் மன்னித்திருக்கவும் இல்லை. இதில் எதுவும் புதுசு கிடையாது என்பதால் குஞ்சுகள் செய்த காரியத்தையும் நாங்கள் அந்த வரிசையிலேயே வைத்துப் பார்த்தோம்.

எங்கள் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்களைக் கிறுக்கர்கள் என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம், அது உங்கள் பாடு. ஒரு வீட்டுக்காரன் இன்னொரு வீட்டுக்காரனை அடித்துத் தழும்பு விழுந்துவிட்டால், அந்தத் தழும்பு உடம்பில் இருக்கிற மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவே நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது. தழும்பு மறைந்துவிட்டால் அடிபட்ட வீட்டிலிருந்து ஒரு சட்டி குழம்பு அடித்த வீட்டுக்குப் போக வேண்டும், அவர்கள் அதை ஊர் பார்க்கச் சாப்பிட வேண்டும், அத்தோடு பகை தீர்ந்தது. தழும்பு மறையாது என்று வழக்கம் வைத்தவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வைத்தார்கள்.

கார்த்திகையில் பிசான நெல் நடவுக்கு மடை திறக்கிற நாளில் தழும்புக்காரர்கள் அத்தனை பேரும் குளத்தங்கரையில் வரிசையாக நின்று, துணியை விலக்கித் தழும்பைக் காட்டி, "இது இன்னார் கை செஞ்சது" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். கடைசித் தழும்பையும் சொல்லி முடித்த பிறகுதான் மடைக்காரர் தண்ணீருக்குள் முங்கி மடைப்பலகையைத் தூக்குவார். ஒரே ஒரு தழும்பு சொல்லாமல் நின்றாலும் மடை திறக்காது, நாற்று கருகினாலும் திறக்காது. பக்கத்து ஊர்க்காரர்கள் பொங்கல் வைத்துத் தண்ணீர் திறக்கிறார்கள், நாங்கள் பகையைச் சொல்லித் திறக்கிறோம், விளைச்சல் என்னவோ இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இதில் ஒரு விலக்கு உண்டு. வீட்டுக்குள்ளே விழுந்த தழும்பு ஊர்த் தழும்பில் சேராது. புருஷன் சொம்பை வீசி நெற்றி பிளந்த பெண்கள் வரிசையில் நிற்க முடியாது. அவர்கள் கரைக்குக் கீழே நின்று வேடிக்கை பார்க்கலாம். ஆனால் அம்மை குத்த வந்த சுகாதாரத் துறை ஆள் விட்டுப்போன தழும்பு சேரும், ஏனென்றால் அவர் வெளி ஆள். அதனால் எங்கள் ஊரில் யாரும் அரசாங்கத்தோடு நேராக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இந்த வரிசையில் பதினாலு வருஷமாக நடுவில் நின்றவள் பிரமாச்சி. அவளுடைய இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு, கம்பவுண்டர் அவசரத்தில் தைத்ததால் கடைசியில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். புருஷன் காய்ச்சலில் செத்த மறுவருஷம், இனி இவளுக்குக் கேட்க நாதியில்லை என்று தெரிந்ததும், மேல்வயல்காரனான அவளுடைய சொந்த அண்ணன் ஆவுடையப்பன் அவள் வயலுக்குப் போகிற தண்ணீரை வரப்பு போட்டு மறித்தான். அவள் மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டினாள். அவன் அரிவாளை ஓங்கினான். அவள் கையைத் தூக்கினாள். பார்த்தது நாலைந்து கொக்குகள் மட்டும்தான். கை பிழைத்தது, சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் அன்றிலிருந்து மடங்குவதில்லை.

ஆவுடையப்பனை 'அவர்' என்று எழுத என் கை வராது, அவனும் நானும் அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. ஒவ்வொரு கார்த்திகையிலும் பிரமாச்சி முந்தானையை விலக்கி, "இது எங்க அண்ணன் ஆவுடையப்பன் கை செஞ்சது" என்று சொல்லும்போது, எதிரே நிற்கிற அவன் மூன்று தரமும் கத்துவான்: "நான் புல்லறுத்துக்கிட்டு நின்னேன், இவளா வழுக்கி வந்து அரிவா மேல விழுந்தா!" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பதினாலு வருஷம் தினமும் அதே சோற்றைப் பிசைந்து தின்றதில், பூசணிக்காய் இருந்ததே அவனுக்கு மறந்துபோய்விட்டது. தான் அவளைத் தொடவே இல்லை என்று அவன் உண்மையாகவே நம்பினான். பிரமாச்சிக்கு அவனுடைய வயலும் வேண்டாம், வரப்பும் வேண்டாம். வெட்டியவன் வாயால் வெட்டினேன் என்று ஒரு சொல் வர வேண்டும், அதற்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

அமலைச்செடி வந்து மூடியதும், அதை அள்ளி எறிய வேண்டும் என்று குளத்துக் கமிட்டித் தலைவர் துரைசிங்கம் சொன்னார். குளத்தில் மீன் குத்தகை எடுத்திருந்த வெளியூர்க்காரர் ஜெபமணி குறுக்கே வந்து நின்றார்.

"அமலைய எடுத்துட்டா எங் குஞ்சு எங்கன போயி மேயும்? மேல பூவ மட்டும் பாக்காதீய அண்ணாச்சி, அடியில கைய விட்டுப் பாருங்க. வேரு தாடி மாதிரி தொங்கும். அதுல ஊசி முனை தண்டி பூச்சி, கொசுப்புழு, பாசி எல்லாம் அப்பிக்கிட்டுக் கெடக்கும். பொறந்த குஞ்சு வாய்க்கு அதுதான் கொள்ளும். கொக்குக்கும் தெரியாம, பெரிய மீனுக்கும் தெரியாம வேருக்குள்ளயே ஒளிஞ்சு மேயும். வெரல் நீளம் வந்ததும் வேரையே கொறிக்கும்."

"பெறவு?"

"பெறவு பெரிய மீனாயி, மத்தது குஞ்ச திங்கும். நம்மள மாதிரிதான்."

கொம்பையா என்பவர்தான் முதல் ஆள். அவர் படித்துறையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது அமலைத் திட்டு ஒன்று காற்றில் நகர்ந்து வந்து அவர் முழங்காலில் முட்டி நின்றது, வேருக்குள்ளிருந்து குஞ்சுகள் வந்து கொறித்தன, குஞ்சு கொறிப்பது எப்போதும் உள்ள கூச்சம்தான் என்று அவர் பாட்டுக்கு இருந்தார். எழுந்து துவட்டும்போது, சகலை கம்பால் அடித்து இருபது வருஷமாக முழங்காலில் இருந்த தழும்பைக் காணோம். தவறவிட்ட சோப்பைத் தேடுவது போலப் படியிலும் தண்ணீரிலும் தேடினார். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அவர் பெண்டாட்டி, "மறதியில மத்த காலுல வச்சிருப்பிய" என்று அந்தக் காலையும் பார்த்தாள்.

ஒரு மாசத்துக்குள் குளத்தில் இறங்கியவர்களின் தழும்பெல்லாம் மேய்ச்சலாயிற்று. முதலில் அமலைக்கடியில் பூச்சியையும் புழுவையும் தின்று பசியடங்கிய குஞ்சுகள், வெயில் ஏறியதும் கூட்டமாகப் படித்துறைக்கு வந்து, நல்ல தோலை ஒதுக்கிவிட்டுத் தழும்பை மட்டும் பார்த்து, ஓரத்திலிருந்து உள்ளே, பொடிப் பொடியாகக் கொறித்தன. மரத்திலிருந்து விழுந்த தழும்பு, அடுப்பு சுட்ட தழும்பு, அம்மை குத்திய தழும்பு எதையும் விடவில்லை. மீன்குஞ்சு என்ன தின்கிறது என்று ஆராய வந்த ஒரு கல்லூரிப் பெண் நாற்பது குஞ்சுகளின் வயிற்றைப் பிளந்து பார்த்துவிட்டு, பூச்சி இவ்வளவு, பாசி இவ்வளவு, வேர்த்துணுக்கு இவ்வளவு என்று எழுதி, மிச்சத்துக்கு 'இதர, பதினொரு சதவீதம்' என்று போட்டாள். அந்த இதரதான் எங்கள் ஊர்.

தழும்பு போனதில் சந்தோஷப்பட்டோம் என்று நினைக்காதீர்கள். என் புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது, ஆட்டுத் தகராறில் கீழத்தெரு மாசானம் கல்லால் எறிந்தது, பதினெட்டு வருஷம் அதை வளர்த்தேன். ஒரு நாள் முகம் கழுவக் குனிந்தபோது போய்விட்டது. வழக்கப்படி குழம்பு கொண்டுபோனேன், அவனும் தின்று தொலைத்தான், பிறகு இருவரும் பேசியாக வேண்டும். "மழை வருமா?" என்றேன். "வரும்" என்றான். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் சிரித்துவிட்டேன், அந்த அவமானம் கல்லடியைவிட வலித்தது. ஊரெல்லாம் இதே கதைதான். தாத்தா காலத்துப் பகையெல்லாம் ஒரு சட்டிக் குழம்பில் கரைந்துபோக, வெறுக்க ஆளில்லாமல் ஜனங்கள் வீட்டுக்குள் எரிந்து விழுந்தார்கள். மானமுள்ளவர்கள் தழும்பின் மேல் உரப்பையைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு குளிக்கப் போனார்கள். பிரமாச்சி இரட்டை உரப்பை கட்டினாள், அதற்கு மேல் பழைய சேலையும் சுற்றினாள், அப்படியும் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கவில்லை.

பங்குனியில் குளம் வற்றி மீன்பிடி நடந்தது. ஒரு வீடு பாக்கியில்லாமல் குழம்பு கொதித்தது. மறுநாள் காலையில் பல் விளக்கும்போதே தெரிந்துவிட்டது: குஞ்சு தின்ற தழும்பு மீனோடு வளர்ந்து, மீனைத் தின்றவர் உடம்பில் முளைத்திருந்தது. மாசானத்தின் கல் என் புருவத்தில் இட்ட தழும்பு தபால்கார அம்மாளுக்கு வந்திருந்தது, அவள் அன்றிலிருந்து மாசானம் வீட்டுக்குத் தபால் கொடுப்பதை நிறுத்தினாள். கொம்பையாவின் முழங்கால் தழும்பு பால்வாடி டீச்சருக்குப் போயிற்று. டவுனுக்கு விற்ற மீனைத் தின்ற ஒரு வக்கீல், தோளில் புதுத் தழும்போடு பஸ் ஏறி வந்து, எங்கள் ஊர்ச் சங்கிலி என்பவர் வீட்டு வாசலில் நின்று, "உன்னை ஏன் எனக்குப் பிடிக்கலேன்னு தெரியல, ஆனா பிடிக்கல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

துரைசிங்கம் கமிட்டியைக் கூட்டினார். தழும்பு யார் உடம்பில் இருக்கிறதோ அவரே அதற்குரியவர், கார்த்திகையில் அவரே வந்து சொல்ல வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. இன்னொன்றும் அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. மரத்திலிருந்து விழுந்த தழும்போ அடுப்பு சுட்ட தழும்போ யார் மேலும் முளைக்கவில்லை, அவையெல்லாம் மீன் வயிற்றிலேயே செரித்துவிட்டன. மனுஷன் கை வேண்டுமென்று செய்த தழும்பு மட்டும்தான் செரிக்கவில்லை. ஊரில் பகை ஒரு படி குறையவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான், எங்களுக்கும் மூச்சு திரும்பி வந்தது. குளத்து மீனைத் தின்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

இதைக் கேட்ட அன்று பிரமாச்சி கமிட்டிக் கூட்டத்திலிருந்து நேரே நடுமடைக்குப் போனாள். அங்கே மிச்சமிருந்த குட்டையில் அமலைக்கடியில் விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கூட்டம் போட்டு நின்றன. ஜெபமணி வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு குஞ்சு வேணும்."

"ஒண்ணு எதுக்குக்கா, ஒரு சட்டி அள்ளிட்டுப் போங்க."

"ஒண்ணு போதும். ரெண்டானா பங்கு பிரிஞ்சிரும்."

ஜெபமணி அவள் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, விரல்நுனி அளவில் ஒரு குஞ்சை, வேரோடு ஒரு அமலைச்செடியையும் சேர்த்து வாளியில் போட்டுக் கொடுத்தார். "பத்திரம்க்கா. போனா வராது" என்று மட்டும் சொன்னார்.

மாடு செத்த பிறகு சும்மா கிடந்த சிமெண்டுத் தொட்டியை அவள் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். ஒரு வாரம் குஞ்சு வேரிலிருந்த பூச்சியையே தின்றது. பிறகு ஒரு மத்தியானம், இத்தனை மாசம் குஞ்சு வாய் படாமல் பொத்தி வைத்திருந்த கையை உரப்பையிலிருந்து அவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டாள். குஞ்சு வந்தது. கம்பவுண்டர் தைத்த வளைவிலிருந்து தொடங்கிற்று. அவள் அழுதாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், வலித்ததா என்று கேட்டால் கூசிற்று என்று பிரமாச்சி சொன்னாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். சொந்த உடம்பில் தனக்கென்று இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே ஒரு மீனுக்கு ஊட்டுவது லேசுப்பட்ட காரியமா? நானாக இருந்தால் பாதியில் கையை எடுத்திருப்பேன்.

வைகாசி, ஆனி, ஆடி என்று அவள் தினமும் ஊட்டினாள். குஞ்சு கருத்து, நீண்டு, தொட்டியின் மூலையில் தலையைத் தூக்கி மூச்சுவிடும் விராலாயிற்று. அவள் கை வழவழவென்று, ஒன்றும் நடக்காத கையாக ஆயிற்று. விரல்கள் மட்டும் மடங்கவில்லை. குஞ்சு தழும்பைத்தான் தின்னும், உள்ளே அறுந்த நரம்பு அதற்குத் தீனியில்லை.

ஆவணியில் ரேஷன் கடை வரிசையில் அவள் பை பிடித்து நிற்கும்போது ஆவுடையப்பன் அவள் கையைப் பார்த்தான். பதினாலு வருஷத்தில் முதல் முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினான்.

"பாத்தீங்களாவே எல்லாரும்! எங்கட்டி தழும்பு? எங்க போச்சு? பொய்த் தழும்பு எத்தன நாளைக்கி நிக்கும்? நான் வெட்டல, வெட்டல, வெட்டலன்னு தொண்ட கிழியக் கத்துனேன், இந்த ஊர்ல ஒரு பய நம்புனானா? இனிமே எவனாவது வாயத் தொறங்க பாப்பம்!"

பிரமாச்சி அரிசியை வாங்கிக்கொண்டாள்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?" அவன் விடவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? "தழும்பு போயிட்டா குழம்பு வரணும். எங்க என் குழம்பு?"

"வரும்" என்றாள் அவள். "தொட்டியில விரால் வளருது. என் கைய தின்னு வளந்த மீனுதான். ஐப்பசி மட்டும் பொறு."

 கேட்டவர்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. துரைசிங்கம்கூட ஆவுடையப்பன் சட்டையைப் பிடித்து இழுத்து, "வேண்டாம்வே, கோழி கேளு" என்றார். அவன் கையை உதறினான். "எதுக்குக் கோழி? நான் வெட்டியிருந்தாத்தான மொளைக்கும்? அவளா விழுந்த தழும்பு செரிச்சுப் போயிருக்கும். அதையும் நீங்க எல்லாரும் கண்ணால பாருங்க."

அவனுடைய நம்பிக்கையைப் பார்த்ததும் எங்களில் சிலருக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை அவள்தான் வழுக்கி விழுந்தாளோ என்று. இப்படித்தான் ஊர்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மீனைப் பிடித்து, சாம்பல் போட்டு உரசிக் கழுவி, மண்சட்டியில் குழம்பு வைத்து, தலையில் சுமந்து அண்ணன் வீட்டு வாசலில் கொண்டு இறக்கினாள். ஊரே நின்றது. ஆவுடையப்பனின் பெண்டாட்டி சொர்ணம் இலை போட்டுச் சோறு வைத்தாள். சொர்ணத்தின் நெற்றியில் ஒரு காலத்தில் சொம்பு பட்ட பிளவு ஒன்று இருந்தது, அது ஊர்த் தழும்பில் சேராத தழும்பு. குஞ்சு அதையும் மேய்ந்துவிட்டதால் இப்போது அவள் பொட்டு நேராக இருந்தது. அவன் தலைத்துண்டு, நடுத்துண்டு, வால்துண்டு எல்லாவற்றையும் முள் மட்டும் மிச்சமாகத் தின்றான். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றான். கையைக் கழுவி எல்லாருக்கும் காட்டினான். ஒன்றுமில்லை. நாங்கள் ஏமாற்றத்தோடு கலைந்தோம். பிரமாச்சி சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து ஆவுடையப்பன் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். ஐப்பசிப் புழுக்கத்தில் பொத்தான் கழற்றாமல் திரிந்தான். அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆனால் அவன் டீக்கடையில் பன்னைத் தின்றுகொண்டிருந்தான். "என்னடே, வீட்டுல சமைக்கலையா?" என்று நான் கேட்டதற்கு, "வாய்க்கு ருசியா இல்ல" என்றான். இருபத்தேழு நாள் இப்படிப் போயிற்று.

கார்த்திகையில் மடை திறக்கும் நாள் வந்தது. குளம் நிறைந்து தளும்பியது. கரைக்குக் கீழே நாற்றங்காலில் நாற்று தண்ணீர் கேட்டுப் பழுத்துக்கொண்டிருந்தது. தழும்புக்காரர்கள் வரிசையாக நின்று, சொந்தத் தழும்பையும் வந்த தழும்பையும் சொன்னார்கள். தபால்கார அம்மாள் மாசானத்தைச் சொன்னாள். டவுன் வக்கீல்கூட பஸ் ஏறி வந்து சங்கிலியைச் சொல்லிவிட்டுப் போனார். பதினாலு வருஷத்தில் முதல் முறையாகப் பிரமாச்சி வரிசையில் நிற்கவில்லை, கரைக்குக் கீழே பெண்களோடு நின்றாள். மடைக்காரர் வேட்டியை வரிந்து கட்டித் தண்ணீருக்குள் முங்கினார். முங்கியவர் வெறுங்கையோடு மேலே வந்தார்.

"பலகை அசையல. இன்னும் ஒரு தழும்பு பாக்கி இருக்கு."

துரைசிங்கம் வரிசையை ஏற இறங்கப் பார்த்தார்.  மடைக்காரர் மறுபடி முங்கினார், மறுபடி வந்தார். வெயில் ஏறிற்று. நாற்றை நினைத்து ஜனங்கள் கெட்ட வார்த்தையில் இறங்கினார்கள், ஒருவரையொருவர் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், இரண்டு இடத்தில் கைகலப்பும் ஆயிற்று. அந்தச் சத்தத்துக்குள் சொர்ணம் கரையேறி வந்தாள். வீட்டுக்குள் விழுந்த தழும்போடு எந்தப் பெண்ணும் கரையேறியதில்லை, ஆனால் அவள் நெற்றியில்தான் இப்போது ஒன்றும் இல்லையே, யார் தடுப்பது? நேரே போய்ப் புருஷனின் இடது கையைப் பிடித்துச் சட்டையைத் தோள் வரை சுருட்டினாள்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. கடைசியில் தூண்டில் முள் மாதிரி வளைவு. ஊரில் அந்தத் தழும்பைத் தெரியாத ஆள் இல்லை.

"குழம்பு தின்ன மறுநா காலையில வந்திச்சு" என்றாள் சொர்ணம். "யாரு வெட்டுனான்னு கேட்டேன். பதில் இல்ல. வெட்டுன வீட்டுல இருந்து தண்ணி குடுக்கப்படாதுல்லா? எந்த வீடுன்னு தெரியுற மட்டும் எதுக்கு வம்புன்னு நான் தண்ணியும் குடுக்கல, சோறும் போடல."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. துரைசிங்கம் முன்னால் வந்தார்.

"சொல்லும்வே. யாரு கை?"

ஆவுடையப்பன் தன் கையைத்தானே பார்த்துக்கொண்டு நின்றான். தழும்பு வந்த அன்றே அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரப்பு, மண்வெட்டி, கொக்குகள், மேலேயிருந்து கீழே இறங்குகிற அரிவாள். அதைக் கீழேயிருந்து பார்த்தவளின் கண் இப்போது அவன் கையில் இருந்தது. அந்த இருபத்தேழு நாளும் அவன் அதைத்தான் சட்டைக்குள் மூடிக்கொண்டு திரிந்திருக்கிறான்.  ஒருமுறை தங்கச்சியைப் பார்த்தான். அவள் முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை, இருந்திருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருப்பான்.

"இது..." என்றான்.

"சத்தமா" என்றாள் பிரமாச்சி, கீழேயிருந்து.

"இது ஆவுடையப்பன் கை செஞ்சது."

"ரெண்டு" என்றார் துரைசிங்கம், பாதியில் நின்ற முதல் 'இது'வையும் சேர்த்து எண்ணி முடித்துவிடலாம் என்று. "ஒண்ணுதான் ஆச்சு" என்று பெண்கள் பக்கமிருந்து பத்துக் குரல் வந்தது.

"இது ஆவுடையப்பன் கை செஞ்சது."  மூன்றாவது தரம் சொல்லும்போது வழக்கத்தில் இல்லாத வார்த்தையும் சேர்ந்து வந்தது. "இது நான் செஞ்சது. நாந்தான் வெட்டுனேன். எந் தங்கச்சி விழல."

மடைக்காரர் முங்கினார். தண்ணீர் நடுமடை வழியே இரைந்து பாய்ந்து, முதலில் மேல்வயலை நனைத்து, மறிக்க ஆளில்லாமல் கீழ்வயலுக்கு இறங்கிற்று. பிரமாச்சி அதைப் பார்க்க நிற்கவில்லை. பாதி வழியில் உட்கார்ந்து சேலையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள் என்றும், எழுந்து மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு நடந்தாள் என்றும் சொன்னார்கள். பதினாலு வருஷத்துக் காத்திருப்பு முடிந்தால் ஆள் அழாமல் என்ன செய்யும்?

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை, எங்கள் வழக்கம் ஆளைச் சும்மா விடாது. வெட்டிய வீட்டிலிருந்து வெட்டுப்பட்டவனுக்கு நெருப்பும் தண்ணீரும் பேச்சும் கிடையாது, வெட்டிய வீடு ஆவுடையப்பன் வீடு, தழும்பைச் சுமப்பதால் வெட்டுப்பட்டவனும் இப்போது அவனே. சொர்ணம் அன்று மத்தியானமே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள், நாங்கள் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் எங்கள் தெருவில் வீடு வீடாக நின்றான். வந்த தழும்பும் சொந்தத் தழும்புமாக ஊரில் பாதி வீட்டுக்கு அவனோடு பகை, மீதி வீட்டுக்காரர்கள் என்னைப் போல, கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு இல்லாத மாதிரி இருந்தோம். தழும்பு ஒன்றும் இல்லாமல், குழம்பும் கொடுத்து, வழக்கப்படி அவனோடு பகை தீர்ந்த வீடு ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவன் போய் வாசலில் நின்றான். "தண்ணி" என்றான்.

பிரமாச்சி உள்ளே போய் நிறைசொம்போடு வந்தாள். அவன் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தான். அவள் சொம்பை இடது கைக்கு மாற்றினாள். மடங்காத இரண்டு விரலும் சொம்பை விட்டு விலகி நிற்க, மற்ற விரல்களின் பிடியில் சொம்பு நடுங்கிச் சரிந்து, பாதித் தண்ணீர் அவன் கைக்குள்ளும் பாதி மண்ணிலுமாக விழுந்தது.

"வலது கையால ஊத்தேன் தாயி."

"உனக்கு இந்தக் கைதான்."

அவன் குடித்தான். இருபத்தேழு நாள் கடைத் தண்ணீர் குடித்தவன், கையை நக்காத குறை. சொம்பு காலியாயிற்று. "தாகம் அடங்குச்சா?" என்று அவள் கேட்டாள், இல்லையென்று அவன் தலையசைத்தான். அவள் உள்ளே போய் சொம்பை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து, அதே கைக்கு மாற்றினாள்.